காலிக் கட்டம்

‘பரோக்’ என்ற சொல் எங்கள் சர்ச் பாட்டுக்குழுவில், அதாவது கொயரில், ஒருவர் வாயிலும் நுழையவில்லை. பாட்டுச் சொல்லிக்கொடுக்க வந்த ரம்யா மேடம் நிறுத்தி நிறுத்திச் சொல்லிக் காட்டியும் யேசுதாஸ் அண்ணன், “இன்னாது, புரோக்கர் பாட்டா?” என்றுதான் கேட்டார். கொயர் மொத்தமும் சிரித்தது. சிரிக்கக் காரணம் இருக்கிறது. எங்கள் கொயர் ஆண்களில் பாதிப் பேர் ஏதாவதொரு புரோக்கர் கையைப் பிடித்துச் சிப்காட் தொழிற்பேட்டைக்குள் போய், காண்ட்ராக்டிலேயே தலை நரைத்தவர்கள். அன்று முதல் அது எங்களுக்குப் புரோக்கர் பாட்டு ஆகிவிட்டது. பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

நான் மெர்சி. கும்மிடிப்பூண்டியில் எங்கள் கோயில் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் கீழ்க்குரல், பாடுகிறேன். மற்ற நாளெல்லாம் பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங். என் வீட்டுக்காரர் ஸ்டீவன் பேஸ், அதாவது அடிக்குரல். அவருக்கு வேலை ரோலிங் மில்லில். இரும்புக் கட்டியை நெருப்பாகக் காய்ச்சிக் கம்பியாக இழுக்கிற இடம். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் அவன் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். ஒரு தரம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு உள்ளே விட்டார்கள். ஒரு மிஷினை மட்டும் எங்களுக்காக ஓட்டிக் காட்டினார்கள். அன்று முழுக்க என் காதுக்குள் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதைப்போல எல்லா மிஷினும் சேர்ந்து ஓடுகிற இடத்தில் என் புருஷன் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நிற்கிறார். மஞ்சள் நிறத்தில் காதடைப்பான் ஒன்று உண்டு. சேஃப்டி ஆடிட்டர் வருகிற அன்று கொடுப்பார்கள், அவர் கார் ஏறினதும் திருப்பி வாங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கச்சேரி யோசனை மில்லின் ஹெச்.ஆர். தலைவர் சந்திரமோகன் சாருடையது. சங்கீதப் பிரியர். மார்கழி வந்தால் சென்னையில் சபா சபாவாக ஏறி இறங்குவார். போன வருஷம் யாரோ அவரை அங்கே ஒரு பெரிய கோயிலுக்குக் கூட்டிப் போய், ஐரோப்பாவில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் கிறிஸ்மஸுக்கென்று எழுதின இந்தப் பரோக் பாட்டெல்லாம் கேட்க வைத்திருக்கிறார்கள். மனுஷன் சொக்கிப் போய்விட்டார். நம் மில்லிலேயே கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஒரு கொயர் இருக்கிறது, அவர்களையே பாட வைத்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. கம்பெனி பெயரும் நாலு இடத்தில் தெரியும் இல்லையா? ரம்யா மேடத்தைப் பிடித்துக்கொண்டு வந்ததும் அவர்தான். மேடம் வெளிநாட்டில் இதையே படித்தவர். ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்கு மின்சார ரயிலில் வந்து இறங்குவார். ஒரு வரி தப்பினாலும் முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பிப்பார். நல்ல மனுஷி, அவரை நான் ஒரு குறை சொல்ல மாட்டேன்.

முதல் நாள் பயிற்சிக்கு சந்திரமோகன் சாரும் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாடி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, “உங்க ஆளுங்களுக்கு இயற்கையாவே குரல் இருக்கும்மா. எங்க ஊரு திருவாலங்காடு. எங்க கழனியில நாத்து நடும்போது கேட்டிருக்கேன், அப்படிப் பாடுவாங்க” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் அம்மாவும் நாற்று நட்டவள்தான். அவள் பாடினது இடுப்பு வலி தெரியாமலிருக்க. அதை வரப்பில் நின்று ரசித்துவிட்டு இங்கே வந்து சர்டிபிகேட் கொடுக்கிறாரா என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எனக்கு வாய் நீளம் என்று ஊருக்கே தெரியும். ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு, “தேங்க்ஸ் சார்” என்றேன். அதுவும் நல்லதாயிற்று. அவர் அடுத்ததாக ஸ்டீவன் தோளில் கை போட்டு, “ஜனவரியில பர்மனென்ட் பண்றவங்கள்ல நீயும் இருக்கே, தெரியுமா? மெடிக்கல் மட்டும் கிளியர் ஆகணும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பர்மனென்ட்! அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தோம். காண்ட்ராக்ட் ஆளை எந்தக் காலையிலும் கேட்டில் நிறுத்தி, நாளையிலிருந்து வராதே என்று சொல்லலாம். பர்மனென்ட் ஆளை அப்படிச் சொல்ல முடியாது. எங்களுக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

ஆனால் மெடிக்கல் கிளியர் ஆகாது. என் புருஷனுக்குக் காது போய்விட்டது.

ஒரேயடியாகப் போகவில்லை. முதலில் பெண்கள் குரல் போனது, பிறகு குக்கர் விசில், பிறகு ஃபோன் மணி. “சோறு போடட்டுமா?” என்று கேட்டால், “சேறா? எங்க மழ பேஞ்சுது?” என்பார். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் அவர் நடந்து போகிறார், பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறான், இந்த மனுஷன் பாட்டுக்கு நடுரோட்டில் போகிறார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு நின்று போனது.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று அன்றே முடிவு செய்தோம். காரணம் கலியன். ஸ்டீவனோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். காது சரியாகக் கேட்கவில்லை என்று தானாகவே போய் ஃபோர்மேனிடம் சொன்னார். வேறு செக்‌ஷனுக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தார் பாவம். மறுநாள் அவரது கேட் பாஸ் வேலை செய்யவில்லை. இப்போது மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு வெளியே பழவண்டி வைத்திருக்கிறார். ஒரு கிலோ கேட்டால் இரண்டு கிலோ நிறுக்கிறார்.

வருஷா வருஷம் வருகிற கம்பெனி மெடிக்கல் வேன் வந்தபோது ஸ்டீவன் தப்பித்த கதையைக் கேட்க வேண்டுமே. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்கள். வெளியே இருந்த டெக்னீஷியன் சத்தத்தைப் போடும்போதெல்லாம் அவன் தோள் கொஞ்சம் ஏறி இறங்கியதாம். இவர் தோளைப் பார்த்தே அமுக்கிவிட்டு வந்துவிட்டார். “இன்னா மே, பர்ஸ்ட் கிளாஸ்ல பாஸ்!” என்று வீட்டுக்கு வந்து குதித்தார். பர்மனென்ட்டுக்கு முன்னால் பார்க்கிற மெடிக்கலும் அதே வேன்தான் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் எங்களுக்கு நம்பிக்கை இருந்தது.

காது கேட்காதவர் எப்படிப் பாடுவார் என்று கேட்பீர்கள். அடிக்குரல் அவருக்கு எலும்பு வழியாகக் கேட்கிறது. நெஞ்சிலேயே சுதி தெரிகிறது என்பார். சின்ன வயதிலிருந்து பாடுகிறவர், ஸ்வரம் தப்பவே தப்பாது. எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் கஷ்டம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, மேடத்தின் கை. இன்னொன்று, என் கை.

எங்கள் கோயிலில் பாட்டை டோ-ரே-மீ எழுத்தில்தான் எழுதி வைத்துப் பாடுவோம். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கட்டம். கட்டத்தில் எழுத்து இருந்தால் பாடு. கோடு இருந்தால் முந்தின ஸ்வரத்தை அப்படியே இழு. ஒன்றுமே இல்லாமல் காலியாக இருந்தால் வாயை மூடு. ஆல்டோ வரிசையில் கடைசியாக நான் நிற்பேன், பேஸ் வரிசையில் முதலாக அவர் நிற்பார். என் வலது கை அவர் இடது மணிக்கட்டில் இருக்கும். விரலை அழுத்தினால் இழு, விரலை எடுத்தால் நிறுத்து. முன்னால் நிற்பவர்களுக்கு எங்கள் கை தெரியாது. உச்சக்குரல் பாடுகிற சோப்ரானோ கிரேஸ் மட்டும் ஒரு நாள் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஐயே, கல்யாணமாயி இத்தினி வருஷம் ஆச்சு, இன்னும் கைய உட மாட்டேங்கறா பாரேன்” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கச்சேரியில் கடைசிப் பாட்டு லத்தீன். அதன் கடைசிப் பக்கம் முழுக்க ஒரே வார்த்தைதான்: ஆமென். ஒரு குரல் ஆரம்பிக்கும், அடுத்தது துரத்தும், அதை இன்னொன்று துரத்தும். நாலு குரலும் ஏறி ஏறி உச்சிக்குப் போய் ஒரு இடத்தில் சட்டென்று நிற்கும். பிறகு மௌனம். வரிசையாகக் காலிக் கட்டங்கள். அதற்குப் பிறகுதான் எல்லாரும் சேர்ந்து மெதுவாகக் கடைசி ஆமென்.

“அந்த மௌனம்தாங்க பாட்டே. அதுல ஒருத்தர் மூச்சு விடற சத்தம்கூட வரக் கூடாது” என்று மேடம் ஒவ்வொரு வாரமும் சொன்னார்.

எல்லாருக்கும் பயம் ஜனத்தைப் பற்றித்தான். எங்கள் சபை ஜனத்துக்கு ஆமென் என்ற வார்த்தை காதில் விழுந்தால் பதிலுக்கு ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த மௌனத்தில் நாலு பேர் சேர்ந்து “ஆமென், ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டால் கச்சேரி அம்பேல். அதற்காகப் பாதிரியார் கச்சேரிக்கு முன்னால் மைக்கில், “பாட்டு முழுசா முடிஞ்சு மேடம் கையை இறக்கின பிறகு ஆமென் சொன்னா போதும், கர்த்தர் கோவிச்சுக்க மாட்டார்” என்று சொல்ல ஏற்பாடாயிற்று. எங்கள் வரிசையிலிருந்தே அது வரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை.

கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு சாயங்காலம். கோயில் நிறைந்துவிட்டது. முன் பெஞ்சுகளில் கம்பெனி ஆட்கள், பின்னால் எங்கள் ஜனம். ஆண்களுக்குக் கம்பெனி முத்திரை போட்ட வெள்ளைச் சட்டை, பெண்களுக்குச் சந்தன நிறப் புடவை. காலுக்கு மட்டும் கறுப்பு ஷூ அவரவர் கொண்டுவர வேண்டும் என்று மேடம் சொல்லியிருந்தார். எங்கள் ஆண்களிடம் கறுப்பு ஷூ ஏது? மில்லில் கொடுக்கிற சேஃப்டி ஷூவுக்கே பாலிஷ் போட்டுப் பளபளவென்று ஆக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். பாட்டுக்கு நடந்து வரும்போது படை வருவதுபோல் தடதடவென்று சத்தம். மேடம்கூடச் சிரித்துவிட்டார்.

முதல் பாட்டுகள் எல்லாம் நன்றாகவே போயின. கடைசிப் பாட்டுக்கு முன்னால்தான் வந்தாள் பூமிகா. வீடியோ எடுக்கக் கம்பெனி அமர்த்திய ஆட்களோடு வந்த பெண். கையில் ஒரு பெட்டி நிறைய பேட்டரி மெழுகுவர்த்தி.

“எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. லாஸ்ட் பாட்டுக்கு லைட்டை ஆஃப் பண்ணப் போறோம். லெஃப்ட்ல பாட்டு ஃபைல், ரைட்ல கேண்டில்” என்றாள்.

“எனக்கு வாணாம்மா. எனக்குக் கை வேணும்” என்றேன்.

“கை எதுக்குக்கா?”

எதுக்கு என்று சொல்வேன்? “தாளம் போட” என்றேன்.

“அதான் கன்டக்டர் இருக்காங்களே. சந்திரமோகன் சாரே சொல்லிட்டாருக்கா, வரிசையில ஒண்ணு மட்டும் இல்லாட்டி ஃப்ரேம்ல ஓட்டை விழுந்த மாதிரி இருக்கும்” என்று என் கையைப் பிரித்து அதைத் திணித்துவிட்டுப் போய்விட்டாள். முன் பெஞ்சிலிருந்து சார் எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

நான் ஸ்டீவனைப் பார்த்து, வாயை மட்டும் அசைத்து, “காலு, காலு” என்று கீழே காட்டினேன். கால் வைத்து அழுத்துகிறேன், எடுத்தால் நிறுத்து என்று அர்த்தம். அவர் தலையாட்டினார். அவர் எதற்கும் தலையாட்டுவார். காது போனதிலிருந்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது.

விளக்கெல்லாம் அணைந்தது. மேடத்தின் கை இருட்டில் ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. பாட்டு ஆரம்பித்தது.

உண்மையைச் சொல்கிறேன், அந்த மாதிரி நாங்கள் அதற்கு முன்னும் பாடினதில்லை, பின்னும் பாடினதில்லை. ஆமென் ஆரம்பித்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கிரேஸின் குரல் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. கீழே அடித்தளம் போட்டதுபோல் என் புருஷன் குரல். பிஸ்கட் பெட்டி மடிக்கிற நான், இரும்பு இழுக்கிற அவர், எங்களுக்கு இது வருகிறதே என்று அழுகையே வந்துவிட்டது. நான் அவர் ஷூ மேல் என் காலை வைத்து அழுத்திக்கொண்டு பாடினேன். அழுத்தம் அவருக்குத் தெரிகிறது என்றுதான் நினைத்தேன்.

உச்சிக்குப் போனோம். எல்லாரும் நிறுத்தினோம். நான் காலை எடுத்தேன்.

ஸ்டீவன் நிறுத்தவில்லை.

இருட்டில், அத்தனை பெரிய கோயிலில், அவர் குரல் மட்டும் தனியாக நின்றது. நான் அவர் காலை ஓங்கி மிதித்தேன். மறுபடி மிதித்தேன். என் குதிகால்தான் வலித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சேஃப்டி ஷூ! மூக்கில் இரும்புக் கிண்ணம் வைத்துத் தைத்தது. மேலே இரும்புக் கட்டி விழுந்தாலே விரலுக்குத் தெரியாது, நான் மிதித்தா தெரியும்? அவர் என் காலுக்காகக் காத்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தார். நல்ல குரல். துளி நடுக்கம் இல்லை. பின்னாலிருந்து ஒரு குழந்தை சிரித்தது.

மேடம் சட்டென்று கையைத் தூக்கிக் கடைசி ஆமெனை முன்கூட்டியே ஆரம்பித்துவிட்டார். ஸ்டீவன் குரல் எங்கள் குரலுக்குள் போய்விட்டது. விளக்கு வந்தது. ஜனம் அடக்கி வைத்திருந்த ஆமெனையெல்லாம் சேர்த்துக் கத்திக் கைதட்டியது. ஸ்டீவன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பாதிரியாரின் அறைக்குள் நாங்கள் போனதும் ஸ்டீவனைச் சுவரோடு நிறுத்தி, மௌனத்தில் அவர் மட்டும் பாடினதை வாயசைத்துச் சொன்னேன். மனுஷன் முகம் வெளுத்துவிட்டது. “சாரு கேட்டுக்கினு இருந்தாரா?” என்றார். கேட்காமல் எங்கே போவார், சங்கீதப் பிரியர் ஆயிற்றே! நான் பைக்குள் துழாவினேன். கண் மை பென்சில் கிடைத்தது. ஸ்டீவனின் ஃபைலைத் திறந்து, அந்தக் கடைசிப் பக்கத்தில், காலிக் கட்டங்களுக்குள் கோடு போட்டேன். ஜெராக்ஸில் விழுந்த கோடு மாதிரி கொஞ்சம் கோணலாகவே போட்டேன்.

போட்டு முடிக்கவும் சந்திரமோகன் சார் உள்ளே வரவும் சரியாக இருந்தது. “பிரமாதம்! பிரமாதம்!” என்று எல்லாருக்கும் கை கொடுத்தார். எங்களிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, “அந்த ஒரு இடம்தான் கொஞ்சம்…” என்றார்.

“சார், ஜெராக்ஸ் பேஜாரு சார். காலியா இருக்க வேண்டிய எடத்துல கோடு விழுந்துகினு கீது. கோடு இருந்தா இழுக்கணும். இவரு பேப்பர்ல இருக்கறத பாடிட்டாரு. பாருங்க” என்று ஃபைலை நீட்டினேன்.

அவர் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனி கறுத்திருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, “ஓ, ஜெராக்ஸ் மிஸ்டேக். சரி, சரி. ஆர்ட்னா அப்படித்தான். போய் டீ சாப்பிடுங்க” என்றார்.

அப்பாடா என்று நாங்கள் வாசலைப் பார்த்து நடந்தோம். நாலடி வைத்திருப்போம்.

“ஸ்டீவன்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை. சாதாரணமாக, பக்கத்தில் நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி.

நான் திரும்பிவிட்டேன். அவர் திரும்பவில்லை. அவர் பாட்டுக்கு டீ இருக்கிற இடத்தைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். சந்திரமோகன் சார் என்னைப் பார்க்கவே இல்லை. என் புருஷனின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், “ஹேப்பி கிறிஸ்மஸ்மா” என்றார்.

ஜனவரியில் பர்மனென்ட் ஆகப்போகிறவர்களை மெடிக்கலுக்கு அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு வேன். ஸ்டீவனை மட்டும் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே சத்தம் போட்டது கம்ப்யூட்டர். அதற்குத் தோள் ஏது? வந்ததும் கேட் பாஸை வாங்கி வைத்துக்கொண்டு, முடிவு சொல்கிறோம், வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார்கள்.

யேசுதாஸ் அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பினார். “பயப்படாத. சத்தத்துல காது போச்சுன்னா கம்பெனிதான் பொறுப்புன்னு சட்டமே கீது. தைரியமா கேளு.” ஸ்டீவன் காலையிலேயே யூனிஃபார்ம் போட்டு, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டார். “சரின்ட்டாங்கன்னா அப்படியே செகண்ட் ஷிப்டு போயிடலாம் இல்ல?” என்றார். நாஷ்டா பண்ணாமலே கிளம்பினோம்.

சந்திரமோகன் சார் எழுந்து நின்று வரவேற்றார். இரண்டு பேரையும் உட்காரச் சொல்லிவிட்டு, பேச்சையெல்லாம் என்னிடமே பேசினார். ஸ்டீவன் அவர் வாயையும் என் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரோட சேஃப்டிக்காகத்தான்மா சொல்றேன். காது கேக்காத ஆளை உள்ள வெச்சு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கு யாரும்மா பதில் சொல்றது?”

“காது எங்க சார் போச்சு? உங்க மில்லுலதான போச்சு? உள்ள வரும்போது ரெண்டு காதோடதான வந்தாரு?”

“அப்படிச் சொல்ல முடியாதும்மா. வயசுல போகும், செல்ஃபோன்ல போகும். உங்க கோயில்லயே எவ்ளோ பெரிய ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க. இவரு வாராவாரம் அது பக்கத்துல நிக்கிறவர்.”

அடப்பாவி! பாட்டுப் பாடி என் புருஷனுக்குக் காது போய்விட்டதாம். “சட்டம் கீது சார். சத்தத்துல காது போனா கம்பெனிதான் பொறுப்பு. டிசம்பர்லயே இவருக்குக் காது கேக்கல. அதுக்கு முன்னாடியே கேக்கல. கச்சேரியில தனியாப் பாடினாரே, அது ஊரே கேட்டுச்சு” என்றேன். என் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டி வந்தது.

அவர் கோபப்படவில்லை. கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். “டிசம்பர்ல நல்லாத்தான்மா கேட்டுச்சு. மில்லு சத்தத்துல போற காது ஒரே மாசத்துல போகாது. பாரு” என்றார்.

எங்கள் கச்சேரி. கம்பெனி பெயர் போட்டு, மேலே தங்க எழுத்தில் கிறிஸ்மஸ் வாழ்த்து. இருட்டில் வரிசையாக மெழுகுவர்த்தி. ஆமென் ஏறி ஏறி உச்சிக்குப் போய் நின்றது. பிறகு மௌனம். மேடம் கேட்ட மௌனம், மூச்சுச் சத்தம்கூட இல்லாத மௌனம். பிறகு கடைசி ஆமென். என் புருஷன் குரலை அந்த இடத்திலிருந்து துடைத்து எடுத்துவிட்டிருந்தார்கள்.

சத்தத்தைத்தான் எடுத்தார்கள். படத்தில் அவர் இருந்தார். தாடைக்குக் கீழே மெழுகுவர்த்தி வெளிச்சம், வாய் திறந்திருந்தது.

“சார், அந்த வாயப் பாருங்க! தொறந்துகினு கீது பாருங்க!” என்று கத்தினேன்.

“அடுத்த ஸ்வரத்துக்கு மூச்சு எடுக்கிறாரும்மா. நல்ல பாடகருங்க அப்படித்தான் எடுப்பாங்க” என்றார். “இவ்ளோ சுத்தமா நிறுத்துறவருக்கு அப்பவே காது கேக்கலைன்னு எங்க போய்ச் சொல்லுவ?”

“பின்னாடி நின்னு நீங்களே பேரச் சொல்லிக் கூப்டீங்களே சார். அவரு திரும்பல. நீங்க பாத்துக்கினே நின்னீங்களே!”

“நான் எப்பம்மா கூப்பிட்டேன்?” என்றார். ஆச்சரியப்பட்டதுபோல் புருவத்தைத் தூக்கிக்கொண்டார். “அப்படியே அவரு தப்பாப் பாடியிருந்தாலும், ஜெராக்ஸ்ல கோடு விழுந்துச்சுன்னு நீதானே காட்டின?”

அந்தக் கோட்டைப் போட்டது என் கைதான். அவர் வீடியோவை நிறுத்தினார். நிறுத்தின இடத்திலும் ஸ்டீவன் முகம்தான் நின்றது.

ஸ்டீவன் என் கையைத் தட்டினார். “இன்னா மே சொல்றாரு?” என்றார், அறை முழுக்கக் கேட்கும்படி. தன் சத்தம் அவருக்குத் தெரியாது.

அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வாயை நன்றாகத் திறந்து சொன்னேன். “நீ கரெக்டா நிறுத்திட்டியாம்யா.”

அவர் என் உதட்டையே பார்த்தார். பாதிதான் பிடிபட்டது.

“நிறுத்திட்டாங்களா?” என்றார்.

நான் சந்திரமோகன் சாரைப் பார்த்தேன். அவர் மேஜை மேல் இருந்த பேனாவை எடுத்து நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

“ஆமாய்யா” என்றேன்.

ஸ்டீவன் எப்போதும்போலத் தலையாட்டினார். பிறகு காலில் இருப்பது கம்பெனி ஷூ என்று நினைவு வந்தவராக, அங்கேயே குனிந்து லேஸை அவிழ்க்க ஆரம்பித்தார்.